கிட்டங்கி வாசலில் கற்பூரம்

போலி இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு ஒருவன் ஆழ்வார்திருநகரியில் கடைக்காரர்களை மொட்டையடித்துவிட்டு, அடுத்தபடியாகத் தூத்துக்குடிக்கு வருகிறான் என்று ஏட்டையா வந்து எச்சரித்தார். ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டதற்கு, "ஏஜெண்டு மாதிரிதான் இருப்பான்" என்றார். போலீஸ் துப்பு அவ்வளவுதான்.

காசிலிங்கம் அண்ணாச்சிக்கு அதுவே போதும். கருப்பட்டி வியாபாரி, தெருவில் எந்த வழக்கு என்றாலும் தீர்ப்புச் சொல்லுகிறவர். "எவன் வந்தாலும் கற்பூரத்தை ஏத்தி வச்சு, உள்ளங்கையால அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுவேன். கள்ளனா இருந்தா கை கூசும்லா!"

மற்றவர்களைவிட சந்தனமாரிக்குத்தான் கவலை அதிகம். புருஷன் போன பிறகு காதுப் பாம்படத்தை விற்றுப் பனந்தும்பு என்கிற பனைநார் வியாபாரத்தில் போட்டவள். சரக்கு வைக்கிற கிட்டங்கி நிறையத் தும்பு அடைந்து கிடக்கிறது. யுத்தம் முடிந்து இப்போதுதான் கப்பல் ஒழுங்காக வருகிறது. போன மாதம் பக்கத்துத் தெருப் பஞ்சுக் கிட்டங்கி எரிந்து சாம்பலானதிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கம் கிடையாது. யாராவது பீடி பற்றவைத்தாலே நெஞ்சு படபடக்கும். இன்ஷ்யூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும். அதிலும் ஏமாந்தால் நடுத்தெருதான்.

முதலில் வந்தவர் எபனேசர். நாசரேத்துக்காரர். தலையில் தொப்பி, கையில் தோல் பை. கிட்டங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்கதவுக்குப் பூட்டு உண்டா, ராத்திரி யார் காவல் என்று துருவித் துருவிக் கேட்டார். பணப் பேச்சு வந்ததும், "என் கையில தராதீங்கம்மா. மெட்ராஸ் ஆபீசுக்கு மணியார்டர் பண்ணுங்க. அவங்க பாலிசி அனுப்புன பொறவுதான் செல்லும். அதுக்குள்ள தீப்பிடிச்சா ஒண்ணும் கிடைக்காது" என்றார்.

"காசைக் கையில வாங்க மாட்டீரு, தீப்பிடிச்சாலும் தர மாட்டீரு. பொறவு எதுக்குவே ஏஜெண்டு?" என்றார் அண்ணாச்சி.

எபனேசர் லைசென்சை எடுத்து நீட்டினார்.

"அச்சாபீசுல போய்க் கேட்டா எனக்குந்தான் அடிச்சுத் தருவான். கற்பூரத்தை அணையும். முருகன் வேண்டாம், உம்ம சாமி பேரைச் சொல்லியே அணையும்."

எபனேசருக்கு வேர்த்துவிட்டது. "எங்க வேதத்துல சத்தியமே பண்ணக் கூடாதுன்னு இருக்கு அண்ணாச்சி."

"பாத்தீயளா! கை கூசுது!"

தெரு கூடிவிட்டது. தொப்பி ஒரு பக்கம் போயிற்று, பை ஒரு பக்கம் போயிற்று. ஏட்டையா வந்து எபனேசரின் கையைப் பிடித்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக ஒருவர் முன்னால் வந்தார். பெயர் செந்தூர்பாண்டி. அவரும் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டுதானாம், வேறு கம்பெனியாம். "இவனை மாதிரி ஆளாலதான் எங்க பொழைப்பு நாறுது. கொண்டாங்க கற்பூரத்தை!"

"கிட்டங்கிப் பக்கம் வேண்டாம், அங்கன தள்ளிப் போங்க!" என்று பதறினாள் சந்தனமாரி.

நடுத்தெருவில் கற்பூரம் எரிந்தது. "செந்தூர் முருகன் அறிய என் கம்பெனி நெசம்" என்று சொல்லி ஒரே அறை அறைந்தார் செந்தூர்பாண்டி. கற்பூரம் அணைந்தது. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சந்தனமாரி உள்ளே ஓடித் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தாள். "ஐயோ, வெந்திருக்குமே, நீட்டுங்க" என்று அவர் கையை விரித்துத் தடவிவிட்டாள்.

"இதெல்லாம் எதுக்கு தாயி" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அவர் கம்பெனியில் பிரீமியம் பாதிதான். கிட்டங்கியைச் சுற்றிப் பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. பணம் கைக்கு வந்த நிமிஷமே பாலிசி செல்லும். ஆனால் சாயங்கால ரயிலுக்கு அவர் கிளம்பியாக வேண்டும். இன்றைக்கு விட்டால் இந்த ரேட் கிடையாது. அண்ணாச்சிதான் முதலில் கொடுத்தார். அவர் பின்னாலேயே தெரு முழுக்க வரிசையில் நின்றது.

"நான் நாளைக்குப் பாக்கேன்" என்றாள் சந்தனமாரி. "அண்ணாச்சி, நீங்களும் ஒரு நாள் பொறுத்தா என்ன?"

"ஏளா, கூறு இருக்கா ஒனக்கு? சாமி மேல சத்தியம் பண்ணுனவரையா சந்தேகப்படுதே? நாளைக்குத் தீப்பிடிச்சா எங்கிட்ட வந்து அழாதே!"

அத்தனை பேர் முன்னால் இப்படிக் கேட்டதில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மடியிலிருந்த பணத்தை எடுக்கவில்லை.

ஏட்டையா விசாரித்து அடித்த தந்திக்கு மறுநாள் மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. எபனேசர் அசல் ஏஜெண்டு. செந்தூர்பாண்டி சொன்ன கம்பெனி உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஏட்டையா எபனேசரின் தொப்பியைத் தூசி தட்டி அவர் தலையில் தானே வைத்துவிட்டு, கையோடு தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி கடை பூட்டியிருந்தது. காய்ச்சலாம்.

சந்தனமாரி எபனேசரை உள்ளே கூப்பிட்டுப் பின்கதவுப் பூட்டைக் காட்டினாள். ஏட்டையாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "தெருவே ஏமாந்து நிக்கி. நீ மட்டும் எப்படித் தாயி தப்பிச்சே? நானும் பக்கத்துலதான் நின்னேன், அந்தப் பய கை கொஞ்சங்கூடக் கூசலையே!"

"எப்படிக் கூசும் ஏட்டையா? எண்ணெய் தடவையிலதான் பாத்தேன், ஊரு ஊரா அணைச்ச கற்பூரத்துல அந்த உள்ளங்கையே காய்ச்சுப்போய்க் கெடந்துச்சு."