அடையாளம் தெரியாதவர்

அவள் பதிவேட்டின் ஆறாவது பக்கத்துக்கு வந்திருந்தாள்.

ஒரு பக்கத்துக்கு நான்கு பேர். எல்லோரும் இறந்தவர்கள். யாருக்கும் பெயர் இல்லை.

'ஆண், சுமார் 60. நீல லுங்கி. வலது தோளில் மச்சம்.'

அவரில்லை.

'ஆண், சுமார் 35. கழுத்தில் கறுப்புக் கயிறு.'

அவரில்லை.

ஒவ்வொரு தடவையும் விரலை அடுத்த ஆளுக்கு நகர்த்தினாள்.

பெண் எழுத்தர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "மொத ஒரு மணி நேரத்துக்குக் காசு கெடையாதும்மா. பொறுமையா பாருங்க. பேனாவால மட்டும் எதையும் கிறுக்கிடாதீங்க."

மாவட்டக் காவல் அலுவலகத்தின் இந்த மேசைக்கு வந்து சேர அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் சர்க்கார் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள். முதல் மனுவை அவளே எழுதினாள். எட்டாவது வரை படித்த கையெழுத்து.

'என் பெயர் அஞ்சலாட்சி. என் கணவர் கலியபெருமாள் வீட்டை விட்டுப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அவர் இருக்கிறாரா, இல்லையா?'

முப்பதாவது நாள் பதில் வந்தது.

மனுதாரர் கோரியிருப்பது கேள்வியாக உள்ளது. ஆவணத்தில் உள்ள தகவலை மட்டுமே வழங்க இயலும். கேள்விகளுக்கு விடையளிக்கச் சட்டத்தில் இடமில்லை.

அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தாள். கோபம் வரவில்லை. எங்கோ ஒரு காகிதத்தில் பதில் கிடக்கிறது, கேட்கத்தான் தனக்குத் தெரியவில்லை என்று தோன்றியது.

பதினொரு வருடமாக அவளோடு இருந்தது வேறொரு வாக்கியம். ஆலை வேலை போய் அவர் நாலு மாதமாக வீட்டோடு இருந்தபோது, ஒரு சாயங்காலம் அவள் சொன்னது. "நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

மறுநாள் காலையில் போனவர்தான்.

இரண்டாவது மனுவை மகள் எழிலரசி எழுதிக் கொடுத்தாள். கேள்விக்குறியே இல்லாமல். மாவட்டத்தில் அடையாளம் தெரியாமல் இறந்தவர்களின் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

மறுத்தார்கள். மேல்முறையீடு போட்டாள். மறுபடி காத்திருந்தாள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

"தனியா போவாதம்மா. நானும் வரேன்" என்றாள் எழிலரசி.

அவள் தனியாகத்தான் வந்தாள்.

பதினான்காம் பக்கம். மூன்றாவது ஆள்.

'ஆண், சுமார் 50. நெய்வாசல் பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சில் அமர்ந்த நிலையில். மாலை 5.30. இயற்கை மரணம். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. இடது கை ஆள்காட்டி விரல் பாதி இல்லை.'

கரும்பு ஆலையில் போன விரல்.

அவள் அந்த வரியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். யாரோ வந்து பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் போல.

நெய்வாசல்.

வீடு இருக்கும் கூட்டேரியிலிருந்து நாற்பது நிமிடம்.

காணாமல் போனவர்களுக்கு ஓர் ஏடு. அவள் கொடுத்த புகார் அதில் இருந்தது. இறந்தவர்களுக்கு வேறோர் ஏடு. இரண்டையும் ஒருவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவளோ திருப்பூரில் தேடினாள். வாழைத் தோட்டத்தில் பார்த்ததாக எவனோ சொன்னதை நம்பிப் பாலக்காடு வரை போனாள். ஒவ்வொரு முறையும் பஸ் நெய்வாசலில் நின்றுதான் புறப்பட்டது.

தேதியை அப்புறம்தான் பார்த்தாள்.

அவர் போன நாளுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. இரண்டரை வருடம் கழித்து. செப்டம்பர் ஆறு.

அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். எழிலரசியின் கல்யாணத் தேதி.

பத்திரிகையில் அவர் பெயரையும் போட்டிருந்தாள். கூட்டுரோட்டில் கட்டிய பேனரிலும் இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இன்னும் இரண்டு வரி மிச்சமிருந்தது.

'உரிமை கோர யாரும் வராததால் மூன்றாம் நாள் அடக்கம்.'

மூன்றாம் நாள் வீட்டில் மறுவீட்டு விருந்து.

'உடைமைகள்: பேருந்துச் சீட்டு 1, கூட்டேரி – நெய்வாசல். மஞ்சள் துணிப்பை 1. உள்ளே தேங்காய் 1, வெற்றிலை பாக்கு.'

அவள் திரும்பவும் படித்தாள். சீட்டு கூட்டேரியில் எடுத்தது.

அன்று கூட்டேரி கல்யாண மண்டப வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுத்தது அவள்தான். பந்தி முடிந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் நினைத்ததைவிட அதிகம். பை போதுமா, போதாதா என்று கோணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகங்களைப் பார்க்கவில்லை.

நீட்டிய கைகளில் வைத்தாள். எல்லாம் வலது கைகள்.

மணி பன்னிரண்டு ஆயிற்று. எழுத்தர் நேரம் முடிந்ததைச் சொல்ல எழுந்து வந்தவர், பக்கத்தின் மேல் அசையாமல் இருந்த கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கெடச்சாராம்மா?"

அஞ்சலாட்சி நிமிர்ந்தாள்.

"வந்திருந்தாரும்மா" என்றாள்.