கணினி அறியாத சப்பாத்துகள்

பாரிஸ் லா சப்பலில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் சரஸ்வதி பூசையன்று, சாம்பிராணித் தட்டைப் புகை அலாரத்துக்கு நேர் கீழே பிடித்தவன் நான்தான். அது அலறியது. ஆபத்தில் கூட்டம் எப்படி வெளியேறும் என்று கணினியில் கணிப்பது என் தொழில். நிபுணன் அல்லவா, முதல் ஆளாக வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன்.

"கிருஷிகன், எத்தினை நிமிசத்திலை எல்லாரும் வெளியிலை வருவினம்?" பின்னால் வந்த அதிபர் இராஜதுரை கேட்டார்.

"ரெண்டு, அண்ணை."

பதினொரு நிமிடம் ஆனது. என் கணினிக்குள் ஓடும் மனிதர்கள், பூசைக்குக் கழற்றிவிட்ட செருப்பை வாசலில் குனிந்து தேடுவதில்லை.

கடைசியாக வந்தாள் துஷாந்தி ரீச்சர். "என்னைக் கட்டுவீரோ?" என்று நாலு மாதமாக அவளைக் கேட்கிறேன். "பாப்பம்" என்பதே பதில். இன்று அவள் கால் வெறுங்கால். கையில் ஒரு சோடி ஆண் சப்பாத்து. ஆருக்கோ தேடி எடுத்து வருகிறாள், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

கிட்ட வந்தாள். ஒன்றில் கறுப்பு நாடா, மற்றதில் வெள்ளை. பாரிஸில் அப்படிக் கட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

"உம்மடையை விட்டிட்டு என்ரையை ஏன் எடுத்தனீர்?"

"ஓம், உம்மைத்தான் கட்டுறன். முதல் இதைப் போடும், குளிருது."