ஏழாம் எண்

எட்டு மாதிரிக் கட்டுரைகளும் மேசையில் வரிசையாகக் கிடந்தன.

எதிலும் பெயர் இல்லை. மேல் மூலையில் எண் மட்டும். இணையதளங்களுக்கு எழுத ஆள் கொடுக்கும் அந்த நிறுவனத்தின் வழக்கம் அது. எழுத்தைப் பார்த்து எடுங்கள், ஆளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மதிய இடைவேளை. திக்கிப் பேசுகிறவர்களுக்குப் பயிற்சி தரும் அந்தச் சிறிய மையத்தில் அவளும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். பயிற்சி அவள் பொறுப்பு. பாக்கி எல்லாம் தம்பி பொறுப்பு. மையத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும், அதற்குக் காசு கொடுத்தாவது நல்ல எழுத்தாளரைப் பிடிக்க வேண்டும் என்று மூன்று மாதமாக அவளை அரித்தவன் அவன்தான். இப்போது அவனுக்கே அலுத்துவிட்டது.

“எட்டும் ஒரே அச்சுலதான்க்கா இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொடு.”

அவன் சொன்னதில் தப்பில்லை. முதல் ஆறு தாள்களிலும் தன்னம்பிக்கை வழிந்தது. இரண்டாவதில் அந்தச் சொல் மட்டும் பதினோரு தடவை. நான்காவது எழுத்தாளர், முப்பதே நாளில் சரளமான பேச்சு என்று அவள் சார்பில் உத்தரவாதமே கொடுத்திருந்தார்.

ஏழாவதை எடுத்தாள்.

“உங்களுக்குப் பழுப்புச் சட்டைதான் வேண்டும். ‘ப’ வராது. அதனால் கடையில் நீலச் சட்டையைக் கேட்டு வாங்கி வருகிறீர்கள். உங்களுக்கு நீலம்தான் பிடிக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் திருத்துவதில்லை. திருத்த வேண்டுமானால் மறுபடி அந்த ‘ப’.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

அலமாரியில் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. அவளிடம் வருகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். சிலர் ஒப்புக்கொள்ளாமலே போய்விடுவார்கள்.

கடைசிப் பத்திக்கு வந்தாள்.

“திக்காமல் பேச வைக்கிறோம் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் திக்கி முடிக்கும்வரை காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருக்கும் ஒருவரை நீங்கள் இதுவரை பார்த்திருக்க மாட்டீர்கள்.”

கூலிக்கு எழுதிய விளம்பரம்தான். ஆனாலும் தன் வேலையைத் தன்னைவிட நன்றாக ஒருவர் சொல்லிவிட்டாரே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“இவர்தான்” என்று தாளைத் தம்பி பக்கம் தள்ளினாள்.

தம்பி நிறுவனத்தைக் கூப்பிட்டான். கேட்கக் கேட்க அவன் புருவம் ஏறியது. இந்த எழுத்தாளர் யாரோடும் தொலைபேசியில் பேசுவதில்லையாம். எல்லாம் மின்னஞ்சல்தானாம். ஆனால் இந்த மையம் தேர்ந்தெடுத்தால் மட்டும் தானே கூப்பிடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

“பெரிய ஆளா இருப்பார் போல” என்றான்.

பத்து நிமிடத்தில் மணி அடித்தது. தம்பி ஒலிபெருக்கியை அமுக்கிவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான். ஒப்பந்தத் தாளில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

“வணக்கம், யார் பேசுறீங்க?” என்றாள் அவள்.

மறுமுனையில் சத்தமே இல்லை.

தம்பி, தொடர்பு போய்விட்டது என்று கையை விரித்துக் காட்டி வைக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு கேட்டது. உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும்போது வருகிற மூச்சு. ‘சொல்லுங்க’ என்றுகூட அவள் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் அரை வட்டம் போயிற்று.

முதல் எழுத்து ஒரு தடவை மோதியது. இரண்டாவது தடவை. மூன்றாவது. நான்காவதில் திறந்துகொண்டது. இனிஷியலோடு முழுப் பெயரும் வந்தது.

தம்பி எழுதிக்கொண்டான். அவனுக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, இந்த அறையைத் திறந்த வாரத்தில் முதல் ஆளாக வந்தவர் அவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டு மாதம் வந்தார். மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடுவார். பெயரைக் கேட்டால் மட்டும் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டுவார். ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டார். அவருடைய கோப்பில் ‘பலனில்லை’ என்று எழுதி மூடி வைத்தவள் அவள்தான்.

“பேர் தெரிஞ்சா எனக்காக எடுத்துடுவீங்க. அதான் முன்னாடியே கூப்பிடல, மேடம்” என்றது குரல், நடுவில் இரண்டு இடத்தில் நின்று.

அவள் தொலைபேசியின் பக்கம் குனிந்தாள்.

“பேரை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

“நான் எழுதிட்டேன்க்கா” என்றான் தம்பி.

“நீ சும்மா இரு.”

அவர் மறுபடி சொன்னார். இந்தத் தடவை முன்னைவிட அதிகமாகத் திக்கியது. அவர் அவசரப்படவில்லை.