கறை படாத சட்டை

ஜன்னல் வெயில் பெயிண்டரின் வெள்ளைச் சட்டையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ரத்தப் புற்றுநோய் அவருக்கல்ல, பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு. "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்கிறார் டாக்டரம்மா. "நான் சும்மா வீட்லதான் இருக்கேன்." பெயிண்டும் அதைக் கரைக்கும் தின்னரும் புழங்குகிறவர்களின் ரத்தம் கெடலாம் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும், வீட்டில் இருப்பவளுக்கு எப்படி? அவர் பார்வை அந்தச் சட்டையையே துருவுகிறது. காலரிலும் கைமடிப்பிலும் மருந்துக்குக்கூட ஒரு பொட்டு பெயிண்ட் இல்லை. "வேலைக்கும் இதே சட்டைதானா?" "இதேதாங்க," என்கிறார் பெயிண்டர். "அப்புறம் எப்படி இவ்வளவு பளிச்சுனு இருக்கு?" மனைவியின் வாடிய முகம் மலர்கிறது. "கல்யாணம் ஆனதுலேருந்து நான்தான் டாக்டர் துவைக்கிறேன். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, தின்னர்ல முக்கி, வெறுங்கையால கசக்கினா எந்தக் கறையும் ஓடிரும்." டாக்டரம்மா சீட்டில் 'தின்னர்' என்று எழுதி அடிக்கோடிடுகிறார். அதைப் பார்த்த பெயிண்டரின் விரல்கள் மெல்ல மேலே போய், சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றுகின்றன.