வைக்கோல் முகம்

அடுப்பருகே நூலா, மேசையின் அந்தக் கோடியில் அவள் கணவன் ஃபின்டன், சன்னலோரம் அவன் தங்கை ப்ரைடி. நாலாவது நாற்காலியில், வைக்கோல் முகமூடியும் பழைய பாவாடையுமாக ஒருவன். ஹாலோவீன் அந்தியில் வேஷம் கட்டி வருகிறவன் வாய் திறக்கமாட்டான். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்றியாக வேண்டும். "ரொட்டிக்கடை டெக்லனா?" என்கிறான் ஃபின்டன். "அவன் தொப்பைக்கு இந்தப் பாவாடை பத்துமாண்ணே?" ப்ரைடி சிரிக்கிறாள். நூலா சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கும் வேஷக்காரன் கையில் கட்டைவிரல் நுனி இல்லை. பக்கத்து நிலத்து மலாக்கி! வேலித் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன். வைக்கோலுக்குள்ளிருந்து அவன் கண்கள், வக்கீலுக்கு நூலா எழுதி, மேசைமேல் உறை ஒட்டாமல் கிடக்கும் கடிதத்தையே மேய்கின்றன. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறான்.

"நீங்க சொல்லுங்க அண்ணி, யாரு?"

"தெரியலையே" என்கிறாள் நூலா, அவன் விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவன் திராட்சை ரொட்டியைக் கடிக்கிறான். பல்லில் ஏதோ தட்டுகிறது. வருஷப் பலன் பார்க்க மாவுக்குள் ஒளித்துவைத்திருந்த குச்சி. "ஐயோ, குச்சி! வருஷம் பூரா சண்டைதான் உமக்கு!" ப்ரைடி கைதட்டுகிறாள். அவன் அதை நெருப்பில் போட்டு, எரிந்து முடியும்வரை பார்த்திருந்து, எழுந்து போகிறான்.

நூலா கடிதத்தை எடுத்துப் பக்கங்கள் மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணுகிறாள். 'வழக்குப் போடுங்கள்' என்ற வரிக்கு அடியில், 'கிறிஸ்துமஸ் வரை பொறுங்கள்' என்று எழுதுகிறாள். உறையை நாவால் நனைத்து ஒட்டுகிறாள்.

"ப்ரைடி, ஆறு மணித் தபாலுக்குள்ள போட்டுடு."