சாம்பல் குதிரை

புத்தகக் கடையின் சன்னலோர வெயில் எழுத்தாளரின் வழுக்கையில் மினுங்குகிறது. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, கையெழுத்து வாங்கும் வரிசையில் கால்கடுக்க நின்ற தையல்காரம்மா, படித்துப் படித்துப் பருத்துப்போன சரித்திர நாவலை அவர் முன் வைக்கிறாள். “ஐயா, உங்க புத்தகம் ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். ஆனா தளபதியக் கரைசேத்த அந்தச் சாம்பல் குதிரைய ஏங்கய்யா கொன்னீங்க? எனக்குச் சோறே இறங்கல.” பேனா நிற்கிறது. நரைத்த புருவம் சுருங்குகிறது. “எந்தக் குதிரைம்மா?” பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறுகிறது. புரட்டிய பக்கங்களையே அவர் மறுபடி மறுபடி புரட்டித் தேடுவதைக் கண்டதும் அது வந்த வழியே இறங்கிவிடுகிறது. மெல்லப் புத்தகத்தை மூடுகிறாள். “தேடாதீங்கய்யா. அட்டையிலயே கையெழுத்துப் போடுங்க. குதிரை எங்கிட்ட பத்திரமா இருக்கு.”