மாமா போடாத ஷேர்

“சொந்த அக்கா புருஷன்டா! ஒரு ஷேர் போட இன்னா கஷ்டம் அந்த ஆளுக்கு?”

பைக்கை உதைத்துக் கிளப்பினான் உதயகுமார். பின்னால் கேமராமேன் விஷால் தொற்றிக்கொண்டான்.

கோபத்தில் நியாயம் இருக்கத்தான் செய்தது. பட்டுச்சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது உதயனுக்குப் பிழைப்பு. சினிமா கனவு. ‘இன்றோடு விடுகிறேன்’ என்று ஒரு குறும்படம் எடுத்திருந்தான். இன்ஸ்டாவை விடப்போவதாக இன்ஸ்டாவிலேயே லைவ் வந்து அறிவிக்கிற ஒரு நெசவாளி, எத்தனை பேர் அழுதார்கள் என்று பார்க்க உடனே திரும்பி வருகிற கதை.

அந்தப் படத்தைத்தான் போட்டிக்கு அனுப்பியிருந்தான். அதிக லைக் வாங்கும் இயக்குநருக்குச் சென்னையில் உதவி இயக்குநர் வாய்ப்பு. போனை விடச் சொல்லும் படத்துக்கு லைக் கேட்டு, ஆப்பே இல்லாதவர்களுக்கும் இவனே ஏற்றிக் கொடுத்து, ஊரெல்லாம் அலைந்துவிட்டான். அப்படியும் படம் இரண்டாவது இடத்தில் நின்றது. இன்று மாலை ஆறு மணியோடு முடிவு. தோற்றால், அப்பாவுக்குக் கொடுத்த வாக்குப்படி கேமராவை மூட்டை கட்டிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிக்கு பஸ் ஏற வேண்டும்.

அக்கா புருஷன் நமச்சிவாயம் மனசு வைத்தால் ஜெயித்துவிடலாம். தறியில் உட்கார்ந்தபடியே ரீல்ஸ் போட்டுப் பேர் வாங்கியவர். லட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். படத்தின் ஹீரோவே அவரைப் பார்த்துச் செய்ததுதான். அது தெரியாமல் தன் தறியையே ஷூட்டிங்குக்கு விட்டுக் கொடுத்தார் மனுஷன்.

படத்தை அனுப்பிப் பார்த்தாச்சு. ஷேரும் இல்லை, பதிலும் இல்லை. போன் அடித்தால் எடுப்பதும் இல்லை.

“ஊர் சிரிக்கிற மாதிரி காட்டிட்டோமில்ல, அதான் கடுப்பாயிருப்பாரு,” என்றான் விஷால்.

“இருக்கட்டும். கால்ல விழுந்தாவது வாங்கிடுவேன். ஆறு மணிக்குள்ள அந்த ஷேர் விழுந்தாகணும்.”

வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே நமச்சிவாயம் கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார். உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால், கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அங்கே அக்கா துர்கா உட்கார்ந்திருந்தாள்.

“வாப்பா உதயா! காபி போடட்டுமா?”

“அதெல்லாம் வேணாம்க்கா. ஏன் மாமா, போன் பண்ணா எடுக்க மாட்டீங்களா?”

“போன் பீரோல இருக்குது மச்சான்.”

“படத்தைப் பாத்தீங்களா, இல்லையா?”

“பாத்தேன்பா.”

“உங்களைக் கிண்டல் பண்ணிட்டேன்னு கோவம், அதானே?”

நமச்சிவாயம் சிரித்தார். “கோவம் இன்னா கோவம்? அந்த லைவ் சீனுக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். நான்தான்னு தெரிஞ்சும் சிரிச்சேன். அப்புறம் ஒரு சீன் வருதே… புருஷன்காரன் கமெண்ட் படிச்சுக்கினு இருப்பான். பொண்டாட்டி நாடாவைக் கையில புடிச்சுக்கினு, இவன் எப்போ திரும்புவான்னு பாத்துக்கினே இருப்பா.”

“அது காமெடி சீன் மாமா.”

“உங்க அக்கா சிரிக்கலையேப்பா.” அவர் தறியை நிறுத்தினார். “ஏன்டின்னு கேட்டேன். ‘நானும் இப்படித்தானே உக்காந்துக்கினு இருக்கேன்’னா. அதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல மச்சான். அன்னிக்கே என் இன்ஸ்டா பக்கத்தை மூடிட்டேன்.”

“மூடிட்டீங்களா! லட்சம் பேரு மாமா!” விஷால் அலறினான்.

உதயனுக்குத் தலை சுற்றியது. தன் படத்தைப் பார்த்து நிஜமாகவே திருந்திய ஒரே ஆள், இன்றைக்குத் தனக்கு வேண்டிய அந்த ஒரே ஆளாகவா இருக்க வேண்டும்! ஆனாலும் விடுவதாக இல்லை. எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்துவிட வேண்டும் என்று வாயெடுத்தான்.

அதற்குள் நமச்சிவாயமே கேட்டார்.

“ஆமா, உன் போட்டி இன்னாச்சு? இன்னும் டைம் இருக்குதில்ல? மூடின பக்கத்தை ஒரு மாசத்துக்குள்ள மறுபடி தொறக்கலாமாம்.”

“தொறக்கலாமா?” உதயனின் முகம் மலர்ந்தது.

“தொறக்கலாம். மறுபடி மூடுவேனான்றதுதான் சந்தேகம். கை சும்மா இருக்க மாட்டேன்னுது மச்சான். அதுக்குத்தான் பீரோல வெச்சுப் பூட்டி, சாவியை உங்க அக்காகிட்ட குடுத்துட்டேன். அதுக்காக உன் வாழ்க்கையை விட முடியுமா? துர்கா, போனை எடும்மா.”

துர்கா நாடாவைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் பீரோவைத் திறந்து, போனைக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தாள்.

“உனக்கு எப்படி வேணுமோ போட்டுக்கோப்பா. நீ ஜெயிக்கணும். எனக்கு அதுதான் வேணும்,” என்றாள்.

வருத்தம் தெரியாமல் சொல்லத்தான் பார்த்தாள். குரல் காட்டிக் கொடுத்துவிட்டது. சின்ன வயதிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டு அறியாத அக்கா.

விஷால் காதோரம் குனிந்து, “அஞ்சே முக்கால்டா! சீக்கிரம்…” என்று கிசுகிசுத்தான்.

அவன் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தான் உதயன். போனை அக்காவின் கையிலேயே திருப்பி வைத்தான்.

“போய்ப் பூட்டுக்கா. போட்டி நேத்தே முடிஞ்சுபோச்சு மாமா. சும்மா உங்களை நாலு வார்த்தை திட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”